கலயம் கேட்காத வாசல்

பினாங்குக் கப்பலை விட்டு இறங்கி எட்டு மாதமாகியும் பூங்கனியின் வாசலில் பிடியரிசிக் கடவம் வந்து நின்றதில்லை. போன வாரம் அவள் மகள் ராஜபாய்க்கு மாப்பிள்ளைப் பேச்சு வந்தது; அந்தச் சந்தோஷத்தில் வேறு யாருக்கும் இது மறந்துபோயிருக்கும். பூங்கனிக்கு மறக்கவில்லை. தன் மகனுக்காகப் பேச்சை எடுத்தவள் ஞானப்பூ. கடவம் சுமந்து வருகிறவளும் அதே ஞானப்பூதான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. காஞ்சிரவிளையில் கடவம் வருகிற நாள்.

ஏற்பாடு ரொம்ப எளிது. வேதக்கோயில் சபையைச் சேர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலையில் இட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவாள். ஒரு பிடி குறைந்ததால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. கஞ்சியில் தண்ணீர் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பெண்கள் பனையோலைக் கடவத்தோடு வீடு வீடாக வருவார்கள். முற்றத்தில் நின்று, "கலயம் எடுங்க" என்று ஒரு குரல். வீட்டுக்காரி கொண்டுவந்து கவிழ்ப்பாள். அவள் கவிழ்க்கும்போது கடவக்காரிகள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். எந்த வீட்டில் எவ்வளவு விழுந்தது என்பது அவர்கள் கண்ணில் படக் கூடாது.

ஒரு வீட்டில் சிவப்பரிசி, இன்னொரு வீட்டில் சம்பா, வேறொரு வீட்டில் வெறும் நொய். எல்லாம் கலந்து கடவம் நிறைந்தபின் அதைச் சோறாக்க முடியாது. ஒன்று வேகும் நேரத்தில் மற்றொன்று குழைந்துபோகும். ஆனால் கஞ்சிக்கு அதைப்போல வேறில்லை. விலை கொடுத்து வாங்க ஆட்கள் காத்திருப்பார்கள். கோயில் விளக்குக்கு எண்ணெயும் ஜெபம் நடத்தும் உபதேசியார் சம்பளத்தில் ஒரு பகுதியும் அந்தக் கலப்பரிசியில்தான் வருகிறது. மழைக்காலத்தில் ஒரு பங்கு கதியில்லாத வீடுகளுக்குப் போகும்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு. அரிசி பெற்றுக்கொள்ளும் வீட்டில் கலயம் கேட்க மாட்டார்கள். ஒரு கையால் கொடுத்துவிட்டு மறுகையால் எடுப்பது கேலிக்கூத்தல்லவா? ஆகவே ஊரில் வீடுகள் இரண்டு வகை. கேட்டு வாங்கப்படும் வீடு, கொண்டுபோய்க் கொடுக்கப்படும் வீடு.

பூங்கனியின் வீடு எட்டு மாதமாக இரண்டிலும் இல்லை.

ஆனால் கலயம் மட்டும் நிறைந்துகொண்டே இருந்தது. மலாயா ரப்பர்த் தோட்டத்தில் கணவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோதும் அவள் பால் டின் ஒன்றில் பிடியரிசி எடுத்து வைத்தவள்தான். ஊருக்கு வந்த முதல் வாரமே கோட்டாறு சந்தையில் கலயம் வாங்கினாள். அது நிறைந்தது. யாரும் வரவில்லை. எடுத்து வைத்ததை மறுபடி உலையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. பெரிய பானைக்கு மாற்றினாள். வண்டு விழுந்தது. வெயிலில் காயப்போட்டு, புடைத்து, மறுபடி பானையில் கொட்டினாள். இன்றைக்குக் காலையிலும் முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டியிருந்தாள்.

"அம்மா, இதுல அரிசியைவிட வண்டுதான் அதிகம்," என்றாள் ராஜபாய், விரலால் கிளறிக்கொண்டே. "பசார்ல கொண்டுபோனா கோழிக்குக்கூட வாங்க மாட்டான்."

"பசாரு இல்ல, சந்தை. எத்தற மட்டம் சொல்லியாச்சு? இந்த ஊருப் பிள்ளைகளுக்க முன்ன இப்படிப் பேசினா சிரிக்க மாட்டாளுகளா?"

"நீ 'எத்தற'ன்னு சொல்லும்போதும்தான் சிரிக்கிறாங்க."

அது உண்மைதான். பூங்கனி சிதறால் மலையடிவாரத்தில் பிறந்தவள். மலையாளம் கலந்த மேற்குப் பேச்சு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. சத்தியநேசனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள், அடுத்த மாதமே அவரோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டாள். 'எங்க ஊரு, எங்க ஊரு' என்று ரப்பர்க் காட்டில் பதினேழு வருஷம் அவள் சொல்லிக்கொண்டிருந்த ஊரில் அவள் அதுவரை வாழ்ந்தது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். இப்போது இந்த எட்டு மாதம்.

அதனால் என்ன? கலியாணம் கட்டிக் கொடுத்த ஊர்தானே ஊர். மகளையும் இங்கேயே கட்டிக் கொடுத்துவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

"ஞானப்பூ மாமி வந்தா நல்லபடியாப் பேசு," என்றாள்.

"நல்லபடியாத்தானே பேசறேன்."

"சிரிச்ச முகமா நில்லு."

"சரிம்மா. உங்க இஷ்டம்."

எதைக் கேட்டாலும் ராஜபாய் கொடுக்கும் பதில் அதுதான். மாப்பிள்ளை பற்றிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். பூங்கனி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

*

வெயில் சாயத் தொடங்கியபோது வேலிக்கு அப்பால் குரல் கேட்டது. அடுத்த வீட்டில் கலயம் கவிழும் சரசரப்பு. பிறகு இரண்டு தலைகள், ஒன்றின்மேல் கடவம். வழக்கமாக அவை வேலியோரமாகவே நடந்து மேற்கு வீட்டுக்குப் போய்விடும். இன்றைக்குத் திரும்பின. பூங்கனியின் முற்றத்துக்குள் வந்தன.

பூங்கனி உள்ளே ஓடிப் பானையிலிருந்து கலயத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"வாங்க அக்கா! வா தங்கப்பழம்! நில்லுங்க, கலயம் எடுத்தாச்சு."

ஞானப்பூ கடவத்தை இறக்கி வைத்தாள். கனமான, நிதானமான பெண். கூட வந்த தங்கப்பழம் ஒல்லி. வாய் மட்டும் நீளம்.

"கலயம் இருக்கட்டும் பிள்ளே," என்றாள் ஞானப்பூ. "நீ ஒரு முறத்தை எடு."

"முறம் எதுக்கு?"

தங்கப்பழம் சட்டென்று தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். கலயம் கவிழும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அதே திருப்பல். அதைப் பார்த்ததும் பூங்கனிக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கலயம் திடீரென்று கனத்தது.

"உபதேசியார் சொல்லி விட்டாங்க," என்றாள் ஞானப்பூ மெல்ல. "மழை தொடங்கப்போவுது. உன் வீட்டுக்காரருக்கும் வேலை ஒண்ணும் அமையல்லியே. கூச்சப்படாத. எல்லா வீட்டுக்கும் ஒரு காலம் வரத்தான் செய்யும்."

"எனக்க வீட்டுல அரிசி இருக்கு அக்கா."

"இருக்கட்டும் பிள்ளே. இதையும் வச்சுக்கோ."

"இல்ல, இஞ்ச பாருங்க!" பூங்கனி கலயத்தை முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது உங்களுக்கு எடுத்து வச்சது. வந்த வாரத்துல இருந்து எடுத்து வைக்கேன். உள்ள ஒரு பானை இருக்கு. ஒரு மட்டம் எங்க முற்றத்துல நின்னு கலயம் எடுன்னு சொல்லுங்க. அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"வண்டு தின்னது போக மிச்சம் இருந்தாச் சரி," என்றாள் தங்கப்பழம் தென்னை மரத்திடம்.

"ஏட்டி, நீ சும்மா இரி." ஞானப்பூ பெருமூச்சு விட்டாள். "நான் எப்படிப் பூங்கனி கேப்பேன்? வந்த அன்னைக்கே உன் வீட்டுக்காரரு உபதேசியாருகிட்ட என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியாதா?"

"என்ன சொன்னாரு?"

"'நாங்க கொஞ்ச நாளைக்குத்தான் வந்திருக்கோம். ரப்பருக்கு விலை வந்ததும் போயிருவோம். எங்களைச் சபை வீடுகளோட சேக்க வேண்டாம்'னு சொன்னாரு. கோயில் வாசல்ல வச்சு, எல்லாரும் கேக்க. நின்னு போற வீட்டுல போயி நாங்க கலயம் கேட்டா நல்லாவா இருக்கும்? விருந்துக்கு வந்தவங்ககிட்ட வரி கேட்ட மாதிரி இருக்காதா?"

எட்டு மாதமாகப் பூங்கனி அக்கம்பக்கத்துக்காரர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தாள். காரணம் தன் வீட்டுக்குள்ளேயே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறது.

ஞானப்பூ கிட்டே வந்தாள். குரல் தாழ்ந்தது.

"இன்னொண்ணும் சொல்லிப்போடுகேன். அருமைநாயகம் எனக்கு ஒத்தைக்கு ஒருத்தன். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. கப்பல்காரங்க வீட்டுல பொண்ணு எடுத்தா, நாளைக்கு மாமனாரு கூப்பிட்டாருன்னு அவனும் கப்பல் ஏறிருவான்னு அவனுக்க அப்பா பயப்படுகாரு. நான்தான் ராஜபாயைப் பாத்த நாளிலயிருந்து மல்லுக்கு நிக்கேன். உன் வீடு இந்த ஊரு வீடுன்னு ஒரு வார்த்தை உறுதியாத் தெரிஞ்சா எனக்குப் போதும். அப்புறம் யாரு பேச்சையும் கேக்க மாட்டேன்."

"தெரியல்லன்னா?"

"சுசீந்திரம் பக்கத்துல இருந்து ஒரு இடம் கேட்டு வந்திருக்கு. திங்கக்கிழமை அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

இதற்குள் ராஜபாய் உள்ளிருந்து முறத்தோடு வந்தாள். சிரித்த முகமாக நில் என்று அம்மா சொல்லியிருந்தாள் அல்லவா? அப்படியே சிரித்த முகமாக முறத்தை நீட்டினாள். ஞானப்பூ கடவத்திலிருந்து அள்ளிப் போட்டாள். சிவப்பும் வெள்ளையும் நொய்யுமாக ஊர் அரிசி முறத்தில் குவிந்தது.

"ரொம்ப நன்றி மாமி," என்றாள் ராஜபாய்.

பூங்கனிக்கு அந்த முறத்தைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

*

சத்தியநேசன் நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தபோது பானை முற்றத்தின் நடுவில் இருந்தது. பக்கத்தில் முறம். இரண்டுக்கும் நடுவில் மனைவி.

சனிக்கிழமைதோறும் அவர் நாகர்கோவிலுக்குப் போவார். வாசகசாலையில் பத்திரிகை பார்ப்பார். மற்றவர்கள் எதை எதையோ படிக்க, அவர் நேராக ரப்பர் விலை போட்டிருக்கும் மூலைக்குப் போய்விடுவார்.

"அரைக்கால் ஏறியிருக்கு பூங்கனி!" என்றார், செருப்பைக் கழற்றுமுன்பே.

"உபதேசியாருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்போ?"

"வந்த அன்னைக்கு."

அவருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. அப்படி யோசித்தது அவளை இன்னும் எரித்தது.

"ஓ, அதா. உள்ளதைச் சொன்னேன். நாம போறவங்கதானே? நமக்காக எதுக்கு அவங்க சிரமப்படணும்?"

"நாம எங்க போறோம்?"

"எத்தனை தடவை விளக்குறது?" அவர் படியில் உட்கார்ந்தார். விளக்குவது அவருக்குப் பிடிக்கும். "அமெரிக்காவுல ஒருத்தன் இந்த வருஷம் மோட்டார் வேண்டாம்னு வச்சான். அவனை மாதிரி லட்சம் பேர் வச்சாங்க. மோட்டார் இல்லேன்னா டயர் வேண்டாம். டயர் வேண்டாம்னா ரப்பர் வேண்டாம். ரப்பர் வேண்டாம்னா மரத்துல பால் எடுக்க ஆள் வேண்டாம். ஆள் இல்லேன்னா ஆளுக்குப் பேர் எழுதுற கிராணி வேண்டாம். இதுல துரை மேலயும் தப்பு இல்லை, என் மேலயும் தப்பு இல்லை. எப்படிப் போச்சோ அப்படியே திரும்பி வரும். மோட்டார் ஓடினா என் நாற்காலி வரும்."

"அந்த நாற்காலியில வேற ஒருத்தன் இருப்பான்."

"என்னைவிடக் குறைஞ்ச சம்பளத்துக்கா?"

"ஆமா. அதுக்குத்தான் உங்களை அனுப்பினான்."

அவர் முகம் சுருங்கியது. அதை அவரும் யோசித்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"இப்பவே போயி உபதேசியாருகிட்ட சொல்லுங்க. நாங்க இந்த ஊரு வீடு, எங்கயும் போகல்லன்னு. உங்க வாயால சொல்லுங்க. பிள்ளைக்க கலியாணம் அதுல நிக்கு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"இது உங்க அப்பன் பொறந்த ஊரு! இதைச் சொல்லுகது எப்படிப் பொய்யாகும்?"

"அப்பன் பொறந்தான், சரி. நான் என்ன பண்றேன் இங்க? நாலு மூடு தென்னையை அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கேன். அங்க எனக்குத் திருவாங்கூர்க் கிராணின்னு பேரு. திருவாங்கூர்க் கிராணியைக் கேளுன்னுதான் எல்லாரும் சொல்லுவான். இங்க வந்தா பினாங்குக்காரர்! நான் பினாங்குல ஒரு நாள் இருந்திருப்பேனா? கப்பலுக்குக் காத்து நின்னதோட சரி. எங்க இருந்தாலும் இன்னொரு ஊரு பேருதான் எனக்கு. சம்பளம் குடுக்கிற ஊருலயாவது இருந்துட்டுப் போறேனே!"

பிறகு அவர் முறத்தைப் பார்த்தார். "இது ஏது? நல்ல அரிசியா இருக்கே."

அதோடு பூங்கனி எழுந்துவிட்டாள்.

அவர் போய்ச் சொல்ல மாட்டார். ஞானப்பூ வந்து கேட்க மாட்டாள். சரி, கேட்காவிட்டால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். சிதறால் பக்கத்தில் அவள் பிறந்த சபையில் அறுப்பின் பண்டிகை அன்று பெண்கள் தங்கள் கலயத்தைத் தாங்களே தலையில் வைத்துக் கொண்டுபோய் மேசைக்கு முன்னால் இறக்குவார்கள். அதைவிட உரிமையான காரியம் வேறு என்ன இருக்கிறது? சபை நடுவில் வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? உபதேசியார் மறுக்க முடியுமா? ஞானப்பூ கேட்ட உறுதியும் அதுதானே?

வெள்ளைத் துணியால் பானையின் வாயைக் கட்டினாள். முகம் கழுவி, புடவை மாற்றினாள்.

"ராஜபாய், வா. கோயிலுக்கு."

"நானுமா?"

"நீயும்தான்."

*

சனிக்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு எப்போதும் பாதிக் கோயில்தான் நிறையும். அன்றைக்குக் கொஞ்சம் அதிகம். பூங்கனி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவழியாக நடந்தாள். பாய்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு ஓடியது. அவள் பார்க்கவில்லை. மேசைக்கு முன்னால் போய்ப் பானையை இறக்கித் துணியை அவிழ்த்தாள்.

உபதேசியார் முத்துநாயகம் மெலிந்த மனிதர், ஈரமான கண்கள். அவர் பானையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் இவ்வளவு பரிவு இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஞானப்பூ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

பார்த்தீர்களா, இவ்வளவுதான். எட்டு மாதம் வீணாகக் காத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டு பூங்கனி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாட்டுத் தொடங்கியது. அலையும் படகும் வருகிற பாட்டு. அறுப்புக்கு ஏற்ற பாட்டாக இல்லையே என்று தோன்றியது. ஊருக்கு ஊர் வழக்கம் வேறாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஊருக்கு ஊர் வழக்கம் வேறுதான். அவள் கப்பல் ஏறிய பிறகு காஞ்சிரவிளையில் ஒரு புது வழக்கம் உண்டாகியிருந்தது. கொழும்புக்கும் மலாயாவுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடும்பங்கள் கிளம்பிய காலம் அது. கிளம்பும் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். அடுத்த சனிக்கிழமை கடவம் வரும்போது கதவு பூட்டியிருக்கும். ஆகவே போகிறவர்கள் தங்கள் கடைசிக் கலயத்தைத் தாங்களே கோயிலுக்குக் கொண்டுவந்து மேசைக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். 'எங்கள் அடுப்பை மூடிவிட்டோம், எங்களை ஜெபத்தோடு அனுப்பிவையுங்கள்' என்று அதற்கு அர்த்தம். வேறு எதற்காகவும் அந்த ஊரில் யாரும் கலயத்தைக் கையால் தூக்கி வருவதில்லை. சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்த வருஷங்களில் ஊரில் இல்லாதவர்களுக்குத்தான் தெரியாது.

உபதேசியார் எழுந்து நின்றார். எல்லோரும் முழங்காலில் நின்று கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, எங்கள் நடுவில் சில காலம் தங்கியிருந்து, மறுபடி கடல் கடக்கப் புறப்படுகிற இந்தக் குடும்பத்துக்காக…"

பூங்கனி கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் மூடிய கண்கள். யாரைப் பற்றிச் சொல்கிறார்?

"…சத்தியநேசனையும், அவர் மனைவி பூங்கனியையும், மகள் ராஜபாயையும்…"

இல்லை, இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆனால் ஜெபத்தின் நடுவில் எப்படிப் பேசுவது? அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒருவர் பேசிக் கேட்டதில்லை. ஆமென் வரும்வரை பொறுத்தே ஆக வேண்டும். முத்துநாயகம் உபதேசியாரோ சுருக்கமாக ஜெபிக்கிறவர் அல்ல. முதலில் நாகப்பட்டினம்வரை ரயிலைக் காத்தருளச் சொன்னார். பிறகு கப்பல். பிறகு கப்பலில் வாந்தி பேதி. பிறகு கரை இறங்கியதும் அடைத்து வைக்கும் நோய்க் கொட்டகை. "ரப்பருக்கு நல்ல விலையைக் கட்டளையிடும்" என்றார். தோட்டத்துத் துரையின் இருதயத்தை இளகச் செய்யும் என்றார். ஒவ்வொரு வேண்டுதலும் அவளை ஒரு மைல் தூரம் தள்ளிக்கொண்டு போயிற்று. கையை இறுகக் கோத்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்றை அடக்கிக்கொண்டு, அவள் முழங்காலில் நின்றாள்.

"ஆமென்."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆமென் மற்றவற்றைவிடச் சத்தமாக வந்தது. அவளுக்குத் தெரிந்த குரல். சத்தியநேசன் எப்போது வந்து உட்கார்ந்தாரோ, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

*

கோயில் முற்றத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஞானப்பூ கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தியே சொல்லக்கூடாதா பிள்ளே? மத்தியானம் ஒரு வார்த்தை சொல்லல்லியே! நான் வேற அரிசியைக் கொண்டுவந்து உன் மனசைப் புண்ணாக்கிட்டேன். போகட்டும். எங்க இருந்தாலும் நல்லா இருங்க. சுசீந்திரத்துக்கு நான் இன்னைக்கே சரின்னு சொல்லி அனுப்பப் போறேன்."

"அக்கா, நாங்க போகல்ல."

"ஏ?"

"நாங்க எங்கயும் போகல்ல! சபைக்குக் குடுக்கத்தான் கொண்டுவந்தேன். வாசல்ல வந்து நீங்க கேக்கல்ல, அதனால நானே கொண்டுவந்தேன். எங்க ஊருல அப்படித்தான் கொண்டுபோவோம்."

"எந்த ஊருல?" என்றாள் தங்கப்பழம். "பினாங்குலயா, சிதறால்லயா?"

யாரோ சிரித்தார்கள். உபதேசியார் குழம்பிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ இவ்வளவு நேரம் ஜெபிச்சது?"

"அதை நீங்களே சாமிகிட்டச் சொல்லிருங்க ஐயா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

பூங்கனி சிரிக்கவில்லை. கூட்டத்தில் கணவரைத் தேடிப் பிடித்தாள். "நீங்க சொல்லுங்க. எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

சத்தியநேசனின் முகத்தில் இருந்த சந்தோஷம் மெதுவாக வடிந்துகொண்டிருந்தது. "நீ மனசு மாறிட்டன்னு நினைச்சேன்," என்றார். "நாம போறோம்னு உபதேசியார் ஜெபிச்சப்ப…"

"நான் மாறல்ல."

"வீட்டுக்காரர் நீங்க," என்றார் உபதேசியார் தன்மையாக. "நீங்க சொன்னாப் போதும் சத்தியநேசன். இருக்கியளா, போறியளா?"

அவர் உபதேசியாரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனிதர். அதுதான் அவரிடம் அவளுக்குப் பிடித்த குணம், இந்த நிமிஷம் வரை.

"விலை வந்தா போவேன் ஐயா," என்றார். "வரல்லன்னா இருப்பேன்."

ஒரு முனகல் எழுந்து அடங்கியது. இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு யார் பெண் எடுப்பார்கள்?

ஞானப்பூ மட்டும் விடவில்லை. அவள் ராஜபாயின் தோளில் கையை வைத்தாள். "பெரியவங்க சண்டை கிடக்கட்டும் மக்கா. எனக்க வீட்டுக்கு வரப்போறவ நீ. எனக்க வீட்டுக்காரருக்கும் நான் பதில் சொல்லணும், எனக்க மகனுக்கும் சொல்லணும். நீ சொல்லு, இங்கேயே இருந்துருவியா?"

'உங்க இஷ்டம்' என்று சொல்லிவிடு மகளே என்று பூங்கனி மனதுக்குள் கெஞ்சினாள்.

"மாமி, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் ராஜபாய். "வந்ததுல இருந்து எல்லாரும் என்கிட்ட 'திரும்பி வந்துட்டியா, திரும்பி வந்துட்டியா'ன்னு கேக்கறாங்க. அம்மா திரும்பி வந்தாங்க. அப்பா திரும்பி வந்தாரு. நான் எங்க திரும்பி வந்தேன்? இதுக்கு முன்னால நான் இங்க வந்ததே இல்லையே. நான் பிறந்த இடம் அங்க. நான் படிச்ச பள்ளிக்கூடம் அங்க இருக்கு. என் தம்பியைப் புதைச்ச இடமும் அங்கதான் இருக்கு."

ஞானப்பூ அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்போ எனக்க மகனை வேண்டாங்கியா?"

"அப்படிச் சொல்லல." ராஜபாய் தலையைக் குனிந்தாள், காது சிவந்தது. "அவங்க நல்லவங்க. பேச்சு வந்த அன்னைக்கு என்கிட்டப் பேசினாங்க, என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கல. ஆனா நான் இந்த ஊருக்காரின்னு சொன்னாத்தான் கல்யாணம்னா, அது எனக்குச் சொல்ல வரல மாமி."

"ராஜபாய்!" என்றாள் பூங்கனி.

"நீங்க சொல்லச் சொன்னா சொல்றேம்மா. அப்பாவுக்குத்தான் பொய் வராது. எனக்கு வரும்."

பூங்கனி மகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தைதான். சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவாள். திங்கட்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். வாய்வரை வந்த அந்த வார்த்தை அங்கேயே நின்றது. எட்டு மாதமாக இந்தப் பெண்ணின் ஒவ்வொரு சொல்லையும் திருத்திக்கொண்டிருந்தவள், அவளிடம் ஒருமுறையாவது உன் ஊர் எது என்று கேட்டாளா?

ஞானப்பூ காலிக் கடவத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோபம் இல்லை அவள் முகத்தில். கோபமாக இருந்திருந்தால் பூங்கனிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமை வரைக்கும் நான் பொறுத்துக்கிடுகேன் பூங்கனி," என்றாள். "வந்து கேக்கவும் எனக்கு வெக்கம் இல்ல. ஆனா ஒரே கூரைக்குக் கீழ மூணு பேரு மூணு ஊருல இருக்கிய. நான் வாசல்ல வந்து 'கலயம் எடு'ன்னு யாரைக் கூப்பிட?"

பதிலுக்குக் காத்து அவள் கொஞ்ச நேரம் நின்றாள். சத்தியநேசன் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானப்பூ நடக்கத் தொடங்கினாள்.